கொதிப்பு யாருக்கு

அண்ணி,

பக்கத்து வீட்டில் இன்று ஊறுகாய்க்குத் தாளிக்கிறார்கள். கடுகும் வெந்தயமும் எண்ணெயில் பொரியும் நெடி சுவர் தாண்டி என் சமையற்கட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த நெடியில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சுவரில் ஒழுகிய குழம்பைத் துடைத்துவிட்டு, வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும் உங்கள் முகம்.

நம் வீட்டுச் சுவருக்குக் குழம்பு புதிதில்லை. என் அண்ணன் தட்டை எடுத்து வீசும்போதெல்லாம் அது சுவரில் பட்டுத்தான் விழும். சில நாள் உங்கள் தோளில் பட்டு விழும்.

நீங்கள் பெரணமல்லூரிலிருந்து ஆரணிக்கு மருமகளாக வருவதற்கு முன்பே எங்கள் நைனா போய்விட்டிருந்தார். தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. “ரத்தக் கொதிப்பு. தலையில நரம்பு வெடிச்சிடுச்சி” என்றார்கள். நைனா கோபக்காரர். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று உறுதியாகிவிட்டது: கோபம் வந்தால் ரத்தம் கொதிக்கும், கொதித்தால் நரம்பு வெடிக்கும். அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரே எங்களை அப்படி நம்ப வைத்தது. அண்ணனுக்கோ நைனாவைவிடக் கோபம் அதிகம். அவர் கையில் ஒருநாளும் யாரும் பட்டை கட்டி அளந்து பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு பி.பி. என்று அம்மா தீர்மானித்துவிட்டார்.

நீங்கள் வந்த மறுநாளே அம்மா உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

“அவன எதிர்த்து ஒரு வார்த்த பேசாத. அவுங்கப்பன் மாதிரி நரம்பு வெடிச்சிப் பூடுவான். அப்புறம் தாலி யாருதுன்னு யோசிச்சிக்கோ.”

நீங்கள் யோசித்துக்கொண்டேதான் இருந்தீர்கள். பி.பி. உள்ளவனுக்கு உப்பு ஆகாது என்று யாரோ சொல்ல, குழம்பில் பாதி உப்புப் போடச் சொன்னார் அம்மா. பாதி உப்புப் போட்டால் அண்ணன் தட்டு பறக்கும். முழு உப்புப் போட்டால் அம்மா, “எம்புள்ளையக் கொல்லப் பாக்கறியா?” என்பார். இரண்டுக்கும் நடுவில் நின்று அடி வாங்கினீர்கள். குழம்பு தரைக்குப் போன நாளெல்லாம் உங்களுக்கு மிச்சம் ஊறுகாய்தான். வீட்டில் யாருக்கு வேண்டாம் என்று உப்பை ஒளித்தோமோ அவருக்கு அது கேடு செய்யவில்லை. தட்டில் அதை மட்டுமே வைத்துச் சாப்பிட்டவரை யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் புடவை ஒன்றில் பழுது இருக்கிறதென்று கடைக்கார முதலாளி நான்கு பேர் நடுவில் அண்ணனைத் திட்டிவிட்டார். அங்கே தலைகுனிந்து நின்றவர் வீட்டுக்குள் வந்ததும் கத்தியை எடுத்தார். தறியில் விறைப்பாக இழுத்துப் பூட்டியிருந்த பட்டுப் பாவின் குறுக்கே ஒரே இழுப்பு. நூல்கள் படபடவென்று அறுந்து சுருண்டன. அவருடைய உழைப்பு மட்டுமில்லை, உங்கள் உழைப்பும் அதில் இருந்தது. நீங்கள் “ஐயோ” என்றீர்கள். அவ்வளவுதான். கத்தியோடு உங்கள் பக்கம் திரும்பினார். இடுப்பில் கைக்குழந்தை சுமதியை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றீர்கள். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். கத்தி கீழே விழுந்தது. பிறகு கையாலேயே உங்களை அடித்தார், களைக்கும்வரை.

களைத்து உட்கார்ந்தவருக்கு அம்மா விசிறினார். “தண்ணி குடிடா கண்ணு. உன் ஒடம்புக்கு இவ்ளோ கோவம் ஆவாதுடா.” அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தது நீங்கள். உதட்டிலிருந்து வழிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டே கொடுத்தீர்கள்.

அன்று கிணற்றடியில் நான் கத்தினேன். “ஏன் அண்ணி, ஒரு தபா திருப்பிக் கேளுங்களேன். இன்னா ஆய்டும்?”

“அவருக்கு எதனா ஆய்ட்டா நான்தான் கொன்னேன்னு ஆய்டும் விஜி.”

பயந்துபோய் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு ஆளைக் கொன்றுவிடக் கூடாதே என்று மூடிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது அன்றுதான் புரிந்தது.

சுமதி தவழ்ந்து நடந்து ஓடத் தொடங்கியிருந்த வயதில் அந்தப் பகல் வந்தது. குழந்தை சொம்புத் தண்ணீரைத் தட்டிவிட்டாள். சாயமேற்றிக் காயவைத்திருந்த பட்டின் மேல் தண்ணீர் ஓடியது. அண்ணன் தறியிலிருந்து எழுந்து அவளை நோக்கிக் கையை ஓங்கினார். நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள்.

“கொழந்தைய வேணாங்க.”

இத்தனை வருஷத்தில் நீங்கள் அவரைத் தடுத்துச் சொன்ன முதல் வார்த்தை. அவர் கையில் நாடா இருந்தது. நூலோடு தறியில் இங்கும் அங்கும் ஓடும் மரக்கட்டை, இரண்டு முனையிலும் கூரான இரும்பு. அதை வீசினார். உங்கள் காதுக்கு மேலே பிளந்தது. நீங்கள் சத்தம்கூடப் போடவில்லை. சுமதிதான் அலறினாள்.

நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உங்களை ஆட்டோவில் ஏற்றினேன். அம்மா அண்ணனையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். “இவனையும் காட்டணும்டி. மூஞ்சி எப்படி செவந்து கீது பாரு.”

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா உங்களுக்குத் தையல் போட்டு முடிக்கும்வரைகூட அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, எம்புள்ளைக்கு பி.பி. இருக்குதும்மா. அதான் கை மீறிட்டான். அவன மொதல்ல பாருங்கம்மா.”

“இன்னா மாத்திர சாப்பிடறாரு?”

“மாத்திரயெல்லாம் கெடையாதும்மா. நாங்கதான் பதனமா பாத்துகினு கீறோம்.”

டாக்டர் அண்ணனை நாற்காலியில் பேசாமல் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டையைக் கட்டி, காற்றடித்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்தார்.

“நூத்தி இருவது, எம்பது. சரியா இருக்கு.”

“இல்லம்மா, நல்லா பாருங்க…”

மற்ற கையிலும் பார்த்தார். அதேதான். அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சிரித்தார். “பாத்தியாமா, எனக்கு ஒண்ணுமே இல்ல.” தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பட்டை உங்கள் கைக்கு வந்தது. இருநூறு, நூற்று இருபது. டாக்டர் முகம் மாறியது. வலியிலும் பயத்திலும் ஏறியிருக்கலாம் என்று உங்களைப் படுக்க வைத்து, நெடுநேரம் கழித்து மறுபடி பார்த்தார். பெரிதாக இறங்கவில்லை. வார்டில் சேர்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள்.

“புள்ள வயித்துல இருந்தப்ப கால் வீங்குச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

“வீங்குச்சிங்க. எல்லாருக்கும் வீங்கும்னு சொன்னாங்க.”

“அப்பவே பாத்திருக்கணும். இது நேத்து அடிபட்டதால வந்தது இல்லம்மா. ரொம்ப நாளா இருந்துகினு இருக்கு.”

அம்மாவால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. “இவ வாயே தொறக்க மாட்டாளேம்மா. இவளுக்கு எப்படிம்மா கொதிப்பு வரும்?”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சொன்னார். “கொதிப்புன்னா கோவம் இல்லம்மா. ரத்தம் ஓடற கொழாய்ல இருக்கற அழுத்தம். நெஞ்சு ரத்தத்தத் தள்ளும்போது இருக்கறது மேல் நம்பரு. ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கறது கீழ் நம்பரு. நூத்தி இருவதுக்கு எம்பது, நல்லது. நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறுன்னு திரும்பத் திரும்ப வந்தா வைத்தியம் பாக்கணும். கோவத்துல கொஞ்சம் ஏறும், அப்புறம் எறங்கிடும். இந்த வியாதி சாந்தமா இருக்கறவங்களுக்கும் வரும். வெளிய தெரியவே தெரியாது. அளந்தாத்தான் தெரியும்.” எழுந்திருக்கும்போது அம்மாவைப் பார்த்து ஒன்று சொன்னார். “பொண்டாட்டிய அடிக்கறது எந்த வியாதியும் இல்லம்மா. அதுக்கு எங்கிட்ட மாத்திர கெடையாது.”

போலீசுக்கு எழுதட்டுமா என்று உங்களிடம் கேட்டார். அன்று வேண்டாமென்று தலையசைத்தீர்கள்.

மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். அண்ணன் இரண்டு நாள் சும்மா இருந்தார். அடுத்த நாள் காலையில் நீங்கள் மாத்திரையைக் கையில் எடுத்ததும் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். “சும்மா குந்திகினு கீறவளுக்கு பி.பி.யாம்!” என்று கன்னத்தில் அறைந்தார். தையல் போட்ட பக்கம்.

நீங்கள் விழவில்லை. நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னீர்கள்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. நூத்தி இருவது, எம்பது. உங்களுக்கு வியாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க அடிக்கறது வெறும் அடி.”

அண்ணன் அடுப்படியில் கிடந்த விறகை எடுக்கக் குனிந்தார். அவருக்கு முன்னால் அதை அம்மா எடுத்துவிட்டார். எடுத்த வேகத்தில் அவர் மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா நிறுத்தவில்லை. முதுகில் ஒன்று, தோளில் ஒன்று.

“உன் அப்பன் மாதிரி பூடுவியோன்னு பயந்து பயந்து இந்தப் பொண்ண உனுக்குத் தூக்கிப் போட்டேனேடா! உனுக்கு ஒண்ணுமே இல்லியாமேடா! சாவப் போறவ இவளாமேடா!”

அண்ணன் சுருண்டு கிடந்தார். அம்மா விறகைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். பிறகு உங்கள் துணிமணியோடு தன்னுடையதையும் சேர்த்து மூட்டை கட்டினார். மாமியாரும் மருமகளும் குழந்தையோடு வீட்டைவிட்டு இறங்கிப் போனதை ஆரணியில் அன்று எத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. சேவூரில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் இடம் கிடைத்தது. கூலிக்குத் தறி கிடைத்தது.

கை சரியானதும் அண்ணன் அங்கேயும் வந்தார். குடித்திருந்தார். கதவை உதைத்து உடைத்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் அவரை மடக்கிக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். முகமெல்லாம் ரத்தம். “போதும், உட்டுடுங்க” என்று சொன்னதும் நீங்கள்தான். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். அதற்குப் பிறகு அவர் சேவூர் பக்கம் வரவில்லை.

அந்த வருஷங்களை நினைக்கும்போது எனக்கு மூச்சு சீராக வருகிறது அண்ணி. விடிந்ததும் அம்மாவும் நீங்களும் வயலோரச் சாலையில் வேகமாக நடப்பீர்கள். டவுன் பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வீட்டுக்குள் நுழையவில்லை. உப்புக் குறைந்த குழம்பை மூன்று பேரும் சாப்பிட்டீர்கள், யாரும் தட்டை வீசவில்லை. கீரை, காய், பழம். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து போட்ட சதை குறைந்தது. நடுவில் ஒருமுறை, நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திப் பார்த்தீர்கள். அளவு மறுபடி ஏறிவிட்டது. “நல்லா இருக்கறதே மாத்திரையாலதான்மா” என்று டாக்டரம்மா திட்டினார். பிறகு நிறுத்தவில்லை. நூற்று முப்பது, எண்பது என்று இறங்கியதும், சர்க்கரை போடாத டீயை, பார்க்க வந்த எனக்கு ஊற்றிக் கொடுத்து அதைக் கொண்டாடினீர்கள். என்னையும் விடவில்லை. “உங்க நைனாவுக்கு இருந்துச்சில்ல, நீயும் பாத்துக்கோ” என்று வருஷம் தவறாமல் என்னை இழுத்துப்போய்க் கையை நீட்ட வைத்தீர்கள்.

அம்மா உங்கள் மடியில்தான் போனார். சுமதி படித்து, செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அப்போதுதான் உங்கள் கால் வீங்க ஆரம்பித்தது. யாரும் பார்க்காத அந்தப் பழைய வருஷங்களில் கொதிப்பு உங்கள் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. மாத்திரையும் நடையும் அதை இத்தனை காலம் தள்ளிப் போட்டிருந்தன. “இன்னும் முன்னாடி தெரிஞ்சிருந்தா…” என்று வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னபோது நான் வெளியே வந்து சுவரைக் கையால் குத்தினேன். விரல் முட்டி கிழிந்தது. நீங்கள் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டீர்கள். “கைய ஒடச்சிக்காத விஜி, இன்னும் வேல கீது” என்றீர்கள். உங்களிடமிருந்து நான் கேட்ட கடைசி முழு வாக்கியம் அது.

அண்ணன் இருக்கிறார். போன மாதம் என் வாசலில் வந்து நின்றார். கை கால் நன்றாகத்தான் இருக்கின்றன. “அவ இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய வேகத்தில் நிலைப்படி அதிர்ந்தது.

எனக்கும் பி.பி. வந்துவிட்டது அண்ணி. நீங்கள் பழக்கிய பழக்கத்தால் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தினமும் மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன். அளவு சரியாக இருக்கிறது. எங்கள் தெருவில் எவனாவது பெண்டாட்டியை அடித்தால், “அவனுக்கு பி.பி.” என்று அவன் வீட்டில் யாராவது சொன்னால், நான் நேரே அந்த வீட்டுக்குள் போய்விடுகிறேன். அவனையும் அவளையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன். அங்கிருந்து எங்கே போவது என்பதை அவள் சொல்லட்டும் என்று அவள் பக்கத்தில் நிற்கிறேன். அவர்கள் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள்.

புது டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கோபத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அழுத்தத்துக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுங்கள், கோபம் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள்,
விஜயா