பாஸ் என்று சொல்

3 பிப்ரவரி 2003

திராட்சை வெட்டு தொடங்கிவிட்டது. பேத்தி லெவோனாவுக்குப் பண்ணை அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தும் "பாஸ் சொன்னாரு, பாஸ் கேட்டாரு". வாயைக் கழுவிவிட்டு வா என்றேன்.

"அது இங்கிலீஷ் வார்த்தை பாட்டி. எல்லா ஆபீஸ்லயும் சொல்றதுதான்."

சட்டை மாற்றினால் பாம்பு வேறாகிவிடுமா?

6 பிப்ரவரி

அகராதியில் பார்த்தாளாம். இங்கே நாங்கள் வெள்ளைக்கார முதலாளியைக் கூப்பிடும் அதே பாஸ்தானாம். டச்சுக்காரன் இங்கே கொண்டுவந்ததுபோலவே அமெரிக்காவுக்கும் கொண்டுபோனானாம். அங்கே வெள்ளைக்கார வேலையாட்கள் 'எஜமான்' என்று சொல்லக் கூச்சப்பட்டு இதைப் பிடித்துக்கொண்டார்களாம். ஆதியில் மாமன் என்று அர்த்தமாம், அதுவும் நிச்சயமில்லையாம்.

மாமனா! பண்ணைக்காரன் ஹெர்மானஸ் எனக்கு மாமனா? அங்கே அவர்கள் தப்பிக்க எடுத்த வார்த்தையில் இங்கே எங்களைக் கட்டிப்போட்டார்கள்.

9 பிப்ரவரி

பெரிய பாஸ் ஹெர்மானஸுக்குப் பக்கவாதம். வலது பக்கம் செத்துவிட்டது, நாக்கு இழுக்கிறது. மகன் கிதியோன் வந்து நின்றான். நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவன். தவழும் பிள்ளையையே 'சின்ன பாஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சன்னாம்மா, அப்பாவை நீங்கதான் பாத்துக்கணும். வேற யாரையும் நம்ப முடியல."

சரி என்றேன்.

10 பிப்ரவரி

மறக்கவில்லை. என் மகன் யோசியஸ் ஒரு நாள் களத்தில் ஹெர்மானஸ் முன் தொப்பியைக் கழற்றி, "சரிங்க ஐயா" என்றான்.

"ஐயாவா? பாஸ்னு சொல்லுடா."

சொல்லவில்லை. அன்றே துரத்தினான், கொட்டுகிற மழையில். என் பிள்ளை ரயில் பாதையோரம் நுரையீரலில் சளி கட்டிச் செத்தான். அவன் மகள் லெவோனா அப்போது தாய் வயிற்றில். மறுநாள் காலை நான் ஹெர்மானஸுக்குக் காபி கொண்டுபோனேன். போகாவிட்டால் எங்கே படுப்பது?

14 பிப்ரவரி

பின்வாசல் ஆணியில் ஒரு தகரக் குவளை தொங்கும். வேலைக்காரர்களுக்கு. அந்த வீட்டில் வேறெதிலும் நான் குடித்ததில்லை. இன்று அதில் ஹெர்மானஸுக்குத் தண்ணீர் எடுத்துப்போனேன். பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டான்.

சரி. இருக்கட்டும். இங்கே இது வெயில் கொளுத்துகிற மாதம்.

15 பிப்ரவரி

வாயைத் திறந்தான். நான் குவளையைக் கொஞ்சம் பின்னே இழுத்தேன்.

"என்னை எப்படிக் கூப்பிடணும்? சொல்லு, பாஸ்னு சொல்லு."

கதவருகே லெவோனா. எப்போது வந்தாளோ. "பாட்டி, தண்ணியக் குடுங்க! நாக்கு வறண்டு கிடக்காரு!"

"உங்கப்பன் காய்ச்சல்ல வறண்டு கிடந்தப்ப யாருடி குடுத்தா?"

"பா... பாஸ்" என்றான் கிழவன். கண்ணில் நீர் வழிந்தது. கொடுத்தேன்.

திரும்பினால் அவளைக் காணோம்.

19 பிப்ரவரி

இப்போது கேட்காமலே சொல்கிறான். என்னைப் பார்த்தால் பாஸ். நாயைப் பார்த்தாலும் பாஸ். சீ, சொல்லட்டும்.

23 பிப்ரவரி

செத்தான்.

25 பிப்ரவரி

அடக்கம் முடிந்தது. "அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாரா சன்னாம்மா?" என்றான் கிதியோன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். குவளையை நான் முன்பே சவப்பெட்டிக்குள், கிழவன் காலடியில் வைத்திருந்தேன். அங்கேயும் தாகம் எடுக்குமே.

26 பிப்ரவரி

குவளையைப் பின்னே இழுத்த அன்றிலிருந்து லெவோனா என்னோடு பேசவில்லை. இன்று காலை டீ கொண்டுவந்தாள். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில். இரண்டு கைகளாலும் நீட்டினாள், தலையைக் குனிந்துகொண்டு.

"இந்தாங்க, பாஸ்."

வாங்கிக் குடித்தேன். சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தாள்.