சுனைக்குப் போகும் வழி

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதூர்நாட்டில் மழை உண்டா? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் போனை எடுக்காததால் ஜீப்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் நாவல் விற்கவே இல்லை. "தினம் ஒரு வீடியோ போட்டு ஆள் சேருங்க மேடம்" என்று பதிப்பாளர் நச்சரித்தார். எதையெதையோ போட்டேன், முப்பது பேர்கூடப் பார்க்கவில்லை. கடைசியில்தான் கதையில் வரும் நம் சாமி சுனையைப் படம்பிடித்துப் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன் அண்ணா, வீடியோவில் கால் தெரியவில்லை. எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

சாமை அறுத்துப் படைக்கும்வரை நாமே அங்கே போகக்கூடாது என்பதை நான் மறக்கவில்லை. நாவலைப் படித்துவிட்டு, "வெளியாளுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?" என்று நீங்கள் கேட்டதையும் மறக்கவில்லை. வீடியோவை அழித்துவிட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலு வேனில் வாசகர்கள் வருகிறார்கள். பதிப்பாளரின் ஏற்பாடு. சுனையருகே உட்கார்ந்து நான் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல மூன்று முறை அவருக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் "சரிங்க சார்" என்றுதான் வாயில் வந்தது.

ஊராரோடு நீங்கள் வழிமறிக்கப் போவதாக ஜீப்காரர் சொன்னார். மறியுங்கள் அண்ணா. வருகிறவர்களுக்கு வழி தெரியாது. முன்னால் நடந்து வருகிறவளைத் தடுத்தால் போதும்.

உங்கள் தங்கை