டிஸ்க் போட்டால் என்ன செய்ய வேண்டும்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. மேசை மேல் துறைமுகத்து நிலக்கரித் தூசி. காலையிலேயே இரண்டு தடவை துடைத்தாயிற்று.

நேற்று எங்கள் தெரு அன்பியத்தின் ஜெபக் கூட்டத்தில், பதினாலு வீட்டுக்காரர்கள் முன்னால், தம்பி மகன் டெனிஸ் சொன்னது அப்படியே: “பெரியப்பா எல்லாருக்கும் சட்டம் சொல்லுதாரு. எங்கப்பா குழியில ஒரு பிடி மண்ணு போட்டாரா, கேளுங்க.”

எல்லாரும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பயந்த கூட்டம்.

தம்பி லூர்து செத்துப் பதினோரு வருஷம். பெட்டி, குழி, வேன், பேண்டு செட், எல்லா ஏற்பாடும் நான். டெனிஸ் அன்று ஊரிலேயே இல்லை, கப்பல் வேலையில். அவனுக்கு எப்படித் தெரியும்? எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: “அடக்க வீடியோ எங்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வா. போட்டுக் காட்டுதேன்.”

சாவை வீடியோ எடுக்காத வீடு இந்தக் கரையில் கிடையாது. கப்பலில் இருக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டுமே.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மட்டக்கடைப் பக்கம் கம்ப்யூட்டர் கடை. டிஸ்க் டிரைவுக்கு ஒரு கேபிள் வாங்க. கடைக்காரன் டிரைவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். “அண்ணாச்சி, இது எங்க கெடச்சுது? ஆதிச்சநல்லூர்ல தோண்டுனதா?” பக்கத்தில் நின்றவனுக்கும் சிரிப்பு. என் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ் என்றதும் இன்னும் சிரிப்பு. “அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல அண்ணாச்சி.”

யார் உன்னைப் பொறுப்பேற்கச் சொன்னது? துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டக் கற்றதும் நானாகத்தான், இதுவும் நானாகத்தான். இவனுக்கு ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அமுக்கத் தெரியும். அவ்வளவுதான் படிப்பு.

கேபிள் சரியாகச் சேர்ந்தது. மாத்திரை மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

தகரப் பெட்டியில் 58 டிஸ்க். மேலே எழுதியிருந்ததெல்லாம் உப்புக்காற்றில் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போட்டதும் திரையில் ஒரு பெட்டி: என்ன செய்ய வேண்டும்? அடுத்த டிஸ்க், அதே கேள்வி. ஐந்தாவது தடவை பொறுமை போய்விட்டது. சொன்னால் புரிந்துகொள்ள வேண்டாமா?

அமைப்புகளுக்குள் போய், கழற்றக்கூடிய ஊடகம் என்ற பக்கத்தில் எல்லாவற்றுக்கும் உத்தரவு போட்டேன்.

பாட்டு சிடி — ஒன்றும் செய்யாதே.
டிவிடி வீடியோ — பிளேயரைத் திற.
போட்டோ — கோப்புறையைத் திற.
மென்பொருள் — ஒன்றும் செய்யாதே. (எவனோ கொடுத்த டிஸ்க்கில் இருப்பதைத் தானாக ஓட்ட நான் என்ன மடையனா.)

கீழே தனியாக ஒரு கட்டம். டிஸ்க் போட்டால் கேட்கவும் வேண்டாம், எதையும் தொடங்கவும் வேண்டாம் என்று. ‘கேட்க வேண்டாம்’ வரை படித்துவிட்டு டிக் போட்டேன். அதற்குப் பிறகு எந்த டிஸ்க்கும் ஓடவில்லை. ஒரு மணி நேரம் டிரைவைத் திட்டினேன். அந்த டிக் இருந்தால் மேலே போட்ட உத்தரவு எதுவும் செல்லாதாம். தப்பு என்னுடையதல்ல. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவனுடையது.

டிக்கை எடுத்தேன். இப்போது போட்ட உடனே ஓடுகிறது. 33 முடிந்தது. எல்லாம் பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, கல்யாணம், யாரோ வீட்டு மாடியில் கேக் வெட்டுகிறார்கள். எல்லாப் படத்திலும் என் வீட்டுக்காரி ரோஸி யாரையாவது சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

ரோஸியிடம் கேட்டேன்: “ஏளா, நான் மண்ணு போட்டதை நீ பாத்தேல்லா?”

“நான் அழுதுக்கிட்டுல்லா நின்னேன். ஒங்களையா பாத்துக்கிட்டு நிப்பேன்?”

ஒரு சாட்சிக்கும் உதவாதவள்.

ஜூலை 10, வியாழன்

41ஆவது டிஸ்க்.

பெட்டி இறங்குகிறது. சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார். லூர்துவின் பெண்சாதி மண் போடுகிறாள். பிறகு மகள்கள். பிறகு ஒவ்வொருத்தராக, மீன்பிடி போட்டில் அவனோடு போனவர்கள், எதிர்வீட்டு டீச்சர், லூர்துவுக்குச் சவரம் பண்ணுகிறவர்கூட.

ஓரத்தில் நீலச் சட்டை. முதுகு மட்டும் தெரிகிறது, நான்தான். டிரம்பெட்காரன் முகத்துக்கு நேராக விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன். சுருதி சேரவில்லை என்று. ஞாபகம் இருக்கிறது. உண்மையிலேயே சேரவில்லை, இப்போது கேட்டாலும் தெரிகிறது. கேமரா குழிக்குப் போய்த் திரும்ப வருகிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மண்வெட்டியால் மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று தடவை ஓட்டினேன். நீலச் சட்டை அதே இடத்தில்.

கையில் மண் பட்ட ஞாபகம் இருக்கிறதே. அது அப்பாவுக்குப் போட்டதாக இருக்கும்.

சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டேன். அதிகமில்லை.

ஜூலை 12, சனி

நேற்று எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

டிஸ்க்கைப் பழைய வேட்டிக்குள் சுருட்டி அலமாரி மேல்தட்டில் வைத்தேன். பிறகு அமைப்புகளைத் திறந்து, அந்தக் கட்டத்தில் மறுபடி டிக் போட்டேன். இனி எந்த டிஸ்க்கும் ஓடாது.

ரோஸியிடம்: “நாளைக்கு அவன் வந்தா டிரைவ் ரிப்பேர்னு சொல்லு.”

“ரிப்பேரா?”

“சொன்னதைச் சொல்லு.”

என் மெஷினைப் பற்றி நானே பொய் சொல்ல வேண்டிய நிலை. அந்தக் கடைக்காரன் கேட்டால் இன்னும் நன்றாகச் சிரிப்பான்.

ஜூலை 13, ஞாயிறு

பிரசங்கம் நாற்பது நிமிஷம். சரக்கு ஒன்றுமில்லை.

பத்தரைக்கு டெனிஸ் வந்தான். ரோஸி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். என்னைப் பார்க்காமல்.

“நெனச்சேன்,” என்றான். பையிலிருந்து ஒரு டிஸ்க் எடுத்தான். “அம்மா அப்பவே கப்பலுக்கு அனுப்பினது. அப்பா அடக்கத்துக்கு நான் வந்ததுன்னா இதுலதான் வந்தேன். எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது.” என்னைக் கேட்காமல் அவனே டிரைவில் தள்ளினான். விளக்கு எரிந்தது, சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் ஒன்றும் இல்லை.

காத்திருந்தான். மறுபடி எடுத்துப் போட்டான். ஒன்றும் இல்லை.

“மெய்யாவே மெஷின் செத்துப்போச்சு பெரியப்பா. இந்த வயசுல ஒங்களுக்கு லினக்ஸு எதுக்கு? அடுத்த தடவ வரும்போது நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்.”

குரலில் இரக்கம். ஒரு வாரமாக நான் மனசுக்குள் அவனைத் திட்டியதெல்லாம் வீண். இந்த இரக்கத்தை மட்டும்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எந்திரில,” என்றேன்.

உட்கார்ந்தேன். அமைப்புகள். கழற்றக்கூடிய ஊடகம். டிக்கை எடுத்தேன். டிஸ்க்கை வெளியே தள்ளி மறுபடி உள்ளே விட்டேன். பத்து எண்ணுவதற்குள் பிளேயர் திறந்து படம் ஓடியது.

இரண்டு பேரும் பார்த்தோம். ரோஸி அடுப்படி வாசலிலேயே நின்றாள். பெட்டி, சாமியார், டீச்சர், நீலச் சட்டை.

“பாத்தீயளா?”

“வியாழக்கிழமையே பாத்துட்டேன்.”

டெனிஸ் திரையை விட்டு என் பக்கம் திரும்பினான்.

“பெறகு எதுக்குப் போட்டுக் காட்டுதீய?”

“மெஷின் செத்துப்போச்சுன்னு சொன்னியே.”