பொன்னம்மாளின் ஒலிநாடா

14.2.1956, செவ்வாய். அட்டன்.

யாரோடும் பேச மனமில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் பொன்னம்மாளை, வானொலியில் இந்த நகரத்தின் கதையைச் சொல்வதற்காக நேற்றுப் பதிவு செய்தேன். எவ்வளவு நன்றாகச் சொன்னார். காலையில் அவருடைய மகன் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யுத்தம் முடிஞ்சு நாங்க இந்தியா போயி ஒன்றரை வருஷம் இருந்ததச் சொல்லிட்டாங்களாமே, சேர். ஒரு வருஷத்துக்கு மேல இந்த நாட்ட விட்டுப் போயிருந்தா பிரஜாவுரிமை கெடையாதுங்க. எங்கயும் போகலன்னு கேசுல சொல்லியிருக்கேன். ரேடியோவுல வந்தா எல்லாம் போச்சுங்க."

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றேன். ஒலிநாடாவை வெட்டி ஒட்ட மாலை வரை பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், முடியவில்லை. பொன்னம்மாளுக்கு ஆண்டுக் கணக்குத் தெரியாது. கடைத்தெருவுக்குக் கரண்டு வந்தது, பழைய பாலம் உடைந்தது, எல்லாமே "நாங்க ஊருக்குப் போறதுக்கு முந்தி", இல்லாவிட்டால் "திரும்பி வந்தப்ப". அந்தப் பயணத்தை எடுத்துவிட்டால் நகரமும் சேர்ந்து போய்விடுகிறது.

கடைசியில் முழுவதையும் அழித்தேன். மகனைத் தேடிப் போய்ச் சொன்னேன். கும்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சேர். வெள்ளிக்கிழமை ரேடியோ கேக்கறதுக்குத் தெருவையே கடைக்குக் கூப்பிட்டு வச்சிருக்காங்க" என்றார்.

அந்த நேரத்துக்கு எதைப் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்குத் தேநீர் குடிக்க வேறு கடை பார்க்க வேண்டும்.