ஃப்ரீசரில் இருக்கிற பால்

மார்ச் 3

அன்புள்ள அம்மணிக்கு,

நீ ரயில் ஓட்டப் பழகப் போன இடத்தில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருந்தால், உன் கையெழுத்தைப் படிக்க முன்பே பழகியிருப்பேன்.

ஐந்து மாதப் பொடியன் நலம். அவன் அப்பன்தான் படாதபாடு படுகிறேன். நேற்று உறைந்த கோழியை மைக்ரோவேவில் வைத்தேன். ஓரமெல்லாம் வெந்து ரப்பராகிவிட்டது, நடுவில் பனிக்கட்டி அப்படியே இருக்கிறது. நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் நான். இந்தப் பெட்டி என்னை மதிக்கவே மாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்கட்டுமா? நீ எடுத்து உறைய வைத்துவிட்டுப் போன தாய்ப்பால் பாக்கெட், வெதுவெதுப்பான தண்ணீரில் இளகுவதற்குள் பொடியன் வீட்டை இரண்டாக்கிவிடுகிறான். அதையும் மைக்ரோவேவில் வைத்தால் என்ன?

உன் லிஃப்டுக்காரன்

மார்ச் 7

அன்புள்ள லிஃப்டுக்காரருக்கு,

வைக்கவே வைக்காதீர்கள். அந்தச் சூடு ஒரே சீராகப் பரவாது. பாட்டில் வெளியே ஆறியிருக்கும், உள்ளே ஓரிடத்தில் கொதிக்கும். பிள்ளையின் நாக்கு வெந்துபோகும். அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள்.

கோழியை முழுச் சூட்டில் வைத்தால் அப்படித்தான் ஆகும். உறைந்ததை இளக்கத் தனிப் பொத்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்தித் திருப்பிப் போடுங்கள், இளகிய துண்டுகளை எடுத்துவிடுங்கள், உடனே சமைத்துவிடுங்கள். சோறு என்றால் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். எவர்சில்வர் மட்டும் உள்ளே போகக் கூடாது. தெறித்ததைத் துடைக்கும்முன் சுவிட்சை அணையுங்கள்.

இங்கே ஃப்ரீசர் கிடையாது. பீய்ச்சி எடுக்கும் பாலைக் குளியலறையில் கொட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. பாதியில் வந்துவிட்டால் இன்ஜினை மறுபடி தொட விடமாட்டார்களாம். நான் திரும்பும்வரை அவனுக்கு அங்கே இருப்பதுதான்.

பொடியனின் அம்மா

மார்ச் 14

அம்மணி,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மைக்ரோவேவைத் துடைக்கத்தான் சுவிட்சை அணைத்தேன். அது ஃப்ரிட்ஜ் சுவிட்ச். கவனிக்காமல் பொடியனைத் தள்ளிப்போன தடுப்பூசிக்குத் தூக்கிப் போனேன். காய்ச்சல் அடிக்கவே அக்கா வீட்டில் தங்கிவிட்டேன். மறுநாள் கதவைத் திறந்தால் சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். பால் பாக்கெட்டுகளைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை.

மறுபடி உறைய வைக்கலாமா என்று ஊசி போட்ட நர்ஸிடம் ஓடினேன். “அதெல்லாம் கூடாதுங்க, கொட்டிருங்க” என்றார். எனக்குக் கை வரவில்லை. அக்காதான் கொட்டினாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பால்பவுடரைக் கலக்கிக் கொடுத்தால் துப்பினான். பிறகு பசி தாங்காமல் குடித்தான். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். வா என்றால் உன் வேலை போகும். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?

உன் லிஃப்டுக்காரன்

மார்ச் 15

அன்புள்ள லிஃப்டுக்காரருக்கு,

இந்த வாரம் உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. கோழி ஜெயித்ததா, நீங்களா?

எனக்கு முந்தாநாளோடு பால் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஒரு சொட்டு வரவில்லை. யாருக்கும் கேட்காமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். போதும், வீட்டுக்கே போய்விடுவோம் என்று துணிமணியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரிதான், “ஃப்ரீசர் நிறைய வச்சிட்டுத்தானே வந்திருக்க, அப்புறம் என்ன?” என்றாள். நிஜம்தானே. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். இனி முடித்துவிட்டுத்தான் வருவேன்.

ஒரு பாக்கெட்டை மட்டும் எனக்காக எடுத்து வையுங்கள். வந்ததும் அதை என் கையாலேயே இளக்கி அவனுக்குக் கொடுக்க வேண்டும்.

பொடியனின் அம்மா