இரண்டு பக்கமும் சுவிட்ச்

முகுந்தின் அப்பாவுக்கு,

நிக்டியில் கட்டுகிற ஹோட்டலில், மற்ற அறைகளுக்கு முன்மாதிரியாக நான் வடிவமைத்த அறை முடிந்துவிட்டது. வருகிறவர்களுக்கு வீட்டு ஞாபகம் வர வேண்டும் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த முதலாளி தேஷ்முக், நேற்று வந்து பார்த்தார்.

சுவருக்குச் சந்தன நிறம். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்ததுமே அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். பிறகு கட்டிலருகே வந்து, "அரே மேடம், ஹே காய், என்ன இது? ரெண்டு விளக்குக்கும் ரெண்டு பக்கமும் சுவிட்சா? வீண் செலவு" என்றார்.

"ஒருத்தர் படிச்சுண்டே தூங்கிட்டா, இன்னொருத்தர் எழுந்து சுத்திப் போய் அணைக்க வேண்டாமே" என்றேன்.

சுவிட்சை ஒரு தடவை போட்டு அணைத்துப் பார்த்தார். "என் வீட்டில் அவள் தினமும் சுற்றி வந்துதான் அணைக்கிறாள்" என்றார். எல்லா அறைக்கும் அப்படியே போடச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இங்கே விஷ்ராந்த்வாடியில் மழை விடவில்லை. முகுந்த் எதுவும் கேட்பதில்லை.

மிச்சச் சாமான்களை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தீர்கள். அதில் பதில் போட மனம் வரவில்லை. நாங்கள் இருக்க மாட்டோம். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். சட்டைகளை மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறேன். நீங்கள் பாதியில் விட்ட புத்தகம் தலைமாட்டில் கவிழ்த்தபடியே இருக்கிறது.

நம் அறையில் உங்கள் விளக்குக்கு உங்கள் பக்கம் மட்டும்தான் சுவிட்ச். நீங்கள் போனதிலிருந்து அது எரிந்துகொண்டிருக்கிறது. நான் சுற்றி வரவில்லை. போகும்போது நீங்களே அணைத்துவிடுங்கள்.

முகுந்தின் அம்மா