அத்திக்கு அடித்த பாலிஷ்

ராணிப்பேட்டை

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம், ஆனால் கோபமாக இருக்கிறேன்.

என் அறையில் வெளிச்சம் இல்லையென்று ஃபிடில் இலை அத்தி என்ற அகல இலை அழகுச்செடியை எங்கள் தோல் கம்பெனி அலுவலகச் சன்னலோரம் வைத்திருந்தேன். தோல் வாங்க வெளிநாட்டார் வருகிறார்கள் என்று மேலாளர் செல்வகுமார், இலைகள் பளபளக்கத் தோலுக்கு அடிக்கும் பாலிஷை அடித்துவிட்டார். இலைகள் கருகி உதிர்கின்றன.

கேட்டதற்கு, "இன்னாமா, ஒரு செடிக்குப் போயி பேஜார் பண்ற? நீதான் தண்ணி ஜாஸ்தி ஊத்திட்ட" என்றார்.

"தோலு செத்தது சார், இது உயிரோட இருக்கு!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

செடியை அறைக்கே தூக்கி வந்துவிட்டேன். மூன்று இலைகள்தான் மிச்சம். அவற்றில் ஒட்டிய பாலிஷைத் துடைக்க உன் பழைய நூல்புடவை ஒன்றைத் தென்காசியிலிருந்து கூரியரில் அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

தமயந்தி